ஆடிக்கு நாற்பத்திரண்டு நாள் இல்லை

அநியாயம் இழைக்கப்பட்டவள் என் அக்கா தில்லைநாயகி. இழைத்தவர்கள் அவள் வாழ்க்கைப்பட்டுப் போன கொடிவயல் வீட்டார். இழைத்த அநியாயம், கவரிங் தோட்டைத் தங்கம் என்று சொல்லி மணவறையில் வைத்து அவள் காதில் திருகியது. திருகியதோடு நிற்காமல், காது புண்ணாகி நீர் வடிந்தபோது, "தோட்டுல ஒண்ணுமில்ல, உன் உடம்பு வாகு அப்படி" என்று அவளையே நம்ப வைத்தது. இதை முதல் வரியிலேயே எழுதி வைக்கிறேன். ஏனென்றால் கொடிவயலில் யாரைக் கேட்டாலும் கதையைப் பச்சைத் துளியிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள், பச்சைத் துளிக்கு முன்னால் நாற்பது நாள் ஒருத்தி அழுதாள் என்பதை யாரும் சொல்ல மாட்டார்கள்.

அந்த ஊர் வழக்கம் இது: மாப்பிள்ளை வீட்டார் போடும் நகைத் தட்டு முகூர்த்தத்துக்கு மூன்று நாள் முன்னால் பெண் வீட்டுக்கு வந்து விளக்கடியில் இருக்கும், தொடலாம், பார்க்கலாம், ஆனால் உரைகல்லில் உரைத்துப் பார்க்கக் கூடாது, உரைத்தால் சம்பந்தியைத் திருடன் என்று சொன்னதாக அர்த்தம். மணவறையில் மாமியார் தன் கையால் தோட்டைத் திருகுவாள். திருகியதை மூன்றாம் மாதம் தாலி பெருக்கிப் போடும் வரை கழற்றக் கூடாது, தூங்கும்போதும் கூடாது, குளிக்கும்போதும் கூடாது, காது அறுந்து விழுந்தாலும் கூடாது. கடைசியில் சொன்னது நான் சேர்த்தது, ஆனால் கேட்டுப் பாருங்கள், மறுக்க மாட்டார்கள்.

தை மாதம் கல்யாணம். ஐந்தாம் நாள் அரிப்பு, பன்னிரண்டாம் நாள் காது மடல் சிவந்து தடித்தது, இருபதாம் நாள் தலையணை உறை காதோடு ஒட்டிக்கொண்டு, காலையில் அதை வெந்நீர் தொட்டுப் பிரித்தெடுக்க வேண்டியதாயிற்று. தெருவே வைத்தியம் சொன்னது. ஒருத்தி தேங்காய் எண்ணெயில் மஞ்சளைக் குழைத்துத் தடவச் சொன்னாள், ஒருத்தி வேப்பெண்ணெய், ஒருத்தி முகப்பவுடர், எதிர் வீட்டுக்காரி தோட்டின் தண்டில் நெயில் பாலிஷ் பூசினால் அரிக்காது என்று குட்டிப் புட்டியோடு வந்து கழற்றாமலே உள்ளே பிரஷை விட்டுப் பூசியும் பார்த்தாள். கழற்று என்று மட்டும் ஒருத்தியும் சொல்லவில்லை. அக்கா எனக்குப் போன் செய்து, "என் உடம்புதான் சரியில்ல பாப்பா, தங்கமே ஒத்துக்காத உடம்பு, இவங்க என்ன பண்ணுவாங்க பாவம்" என்று அழுதாள். நான் அப்போது விடுதி மொட்டை மாடியில் நின்று, பரீட்சைக்குப் படித்துக்கொண்டே, "ஆமாக்கா, சில பேருக்கு அப்படித்தான்" என்று சொன்னேன். வேதியியல் படிக்கிறவள் சொன்ன பதில் அது. என்னையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நாற்பத்தோராம் நாள் மத்தியானம் அக்கா அடுப்படியில் ரசம் இறக்கிக்கொண்டிருந்தபோது அவள் வலக் காதிலிருந்து ஒரு துளி விழுந்தது. விழுந்தது தண்ணீர் மாதிரி விழவில்லை, ணங் என்று விழுந்தது. அவள் மாமியார் வேதவல்லி அத்தை திருகாணிதான் கழன்று விழுந்தது என்று குனிந்து தேடி, கடுகளவு பச்சை மணி ஒன்றை எடுத்துக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். அதற்குள் அடுத்த துளி, அதற்கடுத்த துளி, செம்பும் நிக்கலும் காதுக்குள் கரைந்து, காம்பில் பால் சுரப்பது போலச் சுரந்து, விழுந்து, தரையைத் தொட்டதும் இறுகி, மணி மணியாக உருண்டு உரலடிக்குப் போயின. தோட்டில் எதுவெல்லாம் பொய்யோ அதையெல்லாம் காது குடித்துத் துப்பி முடித்த பிறகு, மிச்சம் இருந்தது வெங்காயச் சருகு மாதிரி ஒரு தங்கத் தோல். அது மின்விசிறிக் காற்றில் எழும்பி, மிதந்து, சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியில் போய் ஒட்டிக்கொண்டது. சாப்பிட்டுக்கொண்டிருந்த கலியமூர்த்தி அத்தான் தலையைத் தூக்கி, "ஃபேனை நிறுத்துங்கம்மா, பறக்குது பாருங்க" என்றார். வேதவல்லி அத்தை நிறுத்தினார். "ரசம் ஆறுது, ஊத்திக்க" என்றார்.

அவ்வளவுதான். ஏமாற்றியது அன்றைக்கு அந்த அடுப்படியில் எல்லோர் கண் முன்னாலும் நாள்காட்டியில் ஒட்டிக்கொண்டு பளபளத்தது. ஒருவர்கூட அதைப் பற்றிப் பேசவில்லை. நெயில் பாலிஷ்காரி ஓடி வந்தாள், பார்த்தாள், 'ஐயோ இது எப்படி' என்று கேட்கவில்லை, 'யாருடி உனக்கு இதைப் போட்டது' என்றும் கேட்கவில்லை, வீட்டுக்கு ஓடிப் போய்த் தன் கம்மலைக் கழற்றிக்கொண்டு வந்து, "தில்லை, இதையும் கொஞ்சம் போட்டுப் பாரேன்" என்றாள்.

போட்டுப் பார்த்தாள். ஒரு டம்ளர் காப்பி குடிக்கிற நேரம். ணங்.

மறுநாள் பதினோரு பேர். அந்த மாசியிலேயே வாசலில் பெஞ்சு போட்டாயிற்று. பங்குனியில் பூக்காரி தன் கூடையைச் சந்தையிலிருந்து இங்கே மாற்றிக்கொண்டாள், சித்திரையில் மினி பஸ் கண்டக்டர் "காது வீடெல்லாம் எறங்கு" என்று கத்த ஆரம்பித்தார், வைகாசியில் தரகர்கள் "ஜாதகம் பாத்தாச்சா" என்பதற்கு அடுத்தபடியாக "தில்லைக்குப் போட்டுப் பாத்தாச்சா" என்று கேட்டார்கள். சுத்தத் தங்கம் என்றால் காது சும்மா இருக்கும். கொஞ்சம் செம்பு கூடுதல் என்றால் மடலில் வியர்வை மாதிரி ஈரம் அரும்பும். கவரிங் என்றால் பெஞ்சின் கடைசியில் இருப்பவருக்கும் கேட்கிற மாதிரி ணங் என்று விழும். விழுந்ததும் கழற்றித் துடைத்துக் கொடுத்துவிடுவார்கள், தோடு முழுசாகத்தான் இருக்கும், அக்காவின் காதில்தான் ஒரு கீறல் கூடியிருக்கும்.

இதற்கு யாரும் காசு வாங்கவில்லை. வாங்கியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், சுரண்டல் என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பேன். வேதவல்லி அத்தை வந்தவர்களுக்கெல்லாம் சுக்குக் காப்பி கொடுத்தார். மருமகள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, தோடு திருகும்போது அவள் முனகினால், "இந்தா ஆச்சு, இந்தா ஆச்சுடா கண்ணு" என்று நெற்றியைத் தடவினார். கெட்டவர் மாதிரி நடந்துகொள்ளாத ஒருவரிடம் எப்படிச் சண்டை போடுவது என்று எந்தப் பாடத்திலும் சொல்லித் தரவில்லை.

அந்த வைகாசியிலேயே நான் முதலில் நடராச பத்தரிடம் போனேன். கடைத்தெருவில் மூன்று தலைமுறை நகைப் பட்டறை, உரைகல், அமிலப் புட்டிகள் எல்லாம் வைத்திருக்கிறவர்.

"உங்ககிட்ட கல்லு இருக்கே, ஐயா. ஒரு இழுப்பு இழுத்தா தெரியறதுக்கு எதுக்கு எங்கக்கா காது?"

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "கல்லு இருக்கும்மா. கொண்டு வர ஆளு இல்ல. சம்பந்தி போட்ட நகையை என் கல்லுல வெச்சா அன்னிக்கே சம்பந்தம் முறிஞ்சிது. அதையே உங்கக்கா காதுல வெச்சா, 'எங்க தில்லைக்குப் போட்டு அழகு பாத்தோம்'னு சொல்லிக்கலாம். ஒரு பொம்பளை இன்னொரு பொம்பளையோட தோட்டைப் போட்டுப் பாக்கறதுல என்ன குத்தம்? அது பாசம்ல?"

"காது அழுகுது ஐயா."

"கல்லும்தான் தேயும்" என்றார் அவர், என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில்.

இரண்டாவது, அக்காவைக் கூட்டிக்கொண்டு பெரியாஸ்பத்திரி ஹசீனா டாக்டரிடம். அவர் ஒருவர்தான் மூன்று வருடத்தில் காதைக் காதாகப் பார்த்தவர். விளக்கடியில் மடலைத் திருப்பிப் பார்த்தார். ஓட்டை ஓட்டையாக இல்லை, கீறலாகி, கீறல் மடலின் விளிம்பை நோக்கி இறங்கத் தொடங்கியிருந்தது. நான் பச்சைத் துளி பற்றிச் சொன்னேன். அவர் சீட்டில் 'பச்சை நீர் வடிதல்' என்று எழுதிக்கொண்டார்.

"என்ன கலர்ல வடியுதுங்கறது முக்கியமில்லம்மா. நிக்கல் ஒவ்வாமை. ஒருதரம் உடம்பு அதைப் பகைச்சுக்கிட்டா அப்புறம் ஆயுசுக்கும் பகைதான், மறுபடி தொட்டா மறுபடி புண்ணு. மருந்து ரொம்ப சுலபம். கழட்டணும். கொதிச்சு ஆறின தண்ணியில உப்புப் போட்டு ரெண்டு வேளை கழுவணும், துடைச்சுக் காயவிட்டு இந்தக் களிம்பு. மஞ்சள், எண்ணெய் ஒண்ணும் கூடாது. சொறியக் கூடாது. ஆறு வாரம் காதுல எதுவுமே இருக்கக் கூடாது, தங்கம்கூட."

"ஆறு வாரமா!" என்றாள் அக்கா, யாரோ அமெரிக்காவுக்குப் போகச் சொன்ன மாதிரி.

"நாப்பத்திரண்டு நாள். ஒரு நாள் கொறைஞ்சாலும் மேல்தோல் மூடியிருக்கும், உள்ள ஆறியிருக்காது. இப்படியே கீறிக்கிட்டே போனா மடல் ரெண்டாப் பிரியும். சீழ் மேல குருத்தெலும்புக்கு ஏறிச்சுன்னா காதே சுருங்கிப் போயிடும். சொல்லிட்டேன்."

அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு நான் கொடிவயலுக்குப் போய் வாசல் பெஞ்சின் முன்னால் நின்று சத்தமாக வாசித்தேன். கேட்டார்கள். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவர்கூட மறுக்கவில்லை. "பாவம், ஓய்வு வேணும்தான்" என்றார்கள். "முகூர்த்தமில்லாத மாசமாப் பாத்து எடுத்துக்கட்டும்" என்றார்கள். வேதவல்லி அத்தையே, "மூளிக் காதோட வீட்டுல நிக்கவேணாம், ஆடியில அம்மா வீட்டுக்குப் போயிட்டு வரட்டும், அங்க யாரு பாக்கப் போறா" என்று தாராளமாகச் சொன்னார்.

ஆடிக்கு முப்பத்தொரு நாள்.

சில வருடம் முப்பத்திரண்டு. மார்கழிக்கு முப்பது, அதுவும் சில வருடம் இருபத்தொன்பதுதான். வருடத்தில் கல்யாணம் நடக்காத மாதங்கள் என்று கொடிவயல் ஒத்துக்கொண்டது இந்த இரண்டைத்தான், இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இல்லை. ஒவ்வொரு ஆடியிலும் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து, தலைமுடியை இரண்டு பக்கமும் தழையவிட்டுக் காதை மறைத்துக்கொண்டு, உப்புத் தண்ணீரில் கழுவி, கூரைக்கு அடியில் உட்கார்ந்திருப்பாள். பத்தாம் நாள் வீக்கம் வடியும். இருபதாம் நாள் பொருக்கு உதிரும். முப்பதாம் நாள் மாந்துளிர் மாதிரி ஒரு தோல் படரும். முப்பத்திரண்டாம் நாள் ஆவணி பிறக்கும், அத்தான் மோட்டார் சைக்கிளில் வாசலில் நின்று ஹாரன் அடிப்பார். மார்கழியிலும் இப்படியே, தை பிறந்ததும் இப்படியே. மூன்று ஆடி, மூன்று மார்கழி. ஆறு தடவை ஆறப் போன காது, ஆறு தடவையும் ஆறவில்லை. மாதங்களை வகுத்தவன் ஒரு பெண்ணின் காதைப் பார்த்திருந்தால் ஆடிக்கு இன்னும் பதினோரு நாள் ஒதுக்கியிருப்பான் என்று நான் அம்மாவிடம் சொன்னேன். "அவன் ஆம்பளைடி" என்றாள் அம்மா, முருங்கைக்கீரை உருவியபடி.

நாலாவது ஆடியில் நான் முடிவு செய்தேன். பல்கலைக்கழகத்தில் வருகைப்பதிவு போனால் போகட்டும் என்று ஊருக்கு வந்தேன். கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை, பதினோரு நாள், அதை எல்லோரிடமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டு வாங்கிவிடலாம் என்று நினைத்தேன். கொடிவயலில் ஆவணி முதல் பத்து தேதிக்குள் கல்யாணம் வைத்திருந்த வீடுகள் மூன்று. மூன்றுக்கும் போனேன். முதல் வீட்டில் தேதியைத் தள்ளிவைக்க முடியாது, ஆனால் தோட்டைப் போட்டுப் பார்க்காமலே நடத்திக்கொள்கிறோம் என்றார்கள். அவர்கள் மாப்பிள்ளை வீடு வசதியானது. இரண்டாவது வீட்டில் நான் ஒரு மணி நேரம் வாதாடினேன், பெண்ணின் அப்பா கடைசியில், "நீ வக்கீலுக்குப் படிக்கிறியா?" என்று கேட்டார். "வேதியியல்" என்றேன். "அப்ப நீயே பாத்துச் சொல்லேன்" என்றார். "சொல்றேன், கொண்டாங்க" என்றேன். "கொண்டு வந்தா உரைச்ச மாதிரிதானேம்மா ஆகும்" என்று பின்வாங்கினார், ஆனாலும் வர மாட்டோம் என்று வாக்குக் கொடுத்தார். மூன்றாவது வீடு பூட்டியிருந்தது, பத்திரிகை வைக்கப் போயிருக்கிறார்கள் என்றார்கள். அங்கே ஒரு சீட்டு எழுதிக் கதவிடுக்கில் செருகிவிட்டு வந்தேன்.

ஆவணி ஒன்றாம் தேதி அத்தான் வந்து ஹாரன் அடித்தார். நான் வாசலில் நின்றேன்.

"அக்கா பன்னெண்டாம் தேதிதான் வருவா, அத்தான்."

"அம்மா தேடுவாங்க, பாப்பா."

"உங்கம்மாதானே தோடு போட்டாங்க. தெரிஞ்சு போட்டாங்களா, தெரியாமப் போட்டாங்களான்னு கேட்டுக்கிட்டு வாங்க. பதில் வந்தா அனுப்பறேன்."

அவர் ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை. நல்ல மனிதர், அதுதான் அவரிடம் உள்ள குறை. "நான் அதெல்லாம் கேக்கலையே பாப்பா இதுவரைக்கும்" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். மூன்றாம் நாள் வேதவல்லி அத்தையே ஒரு தூக்குச்சட்டியில் அதிரசத்தோடு வந்து, அக்காவின் முடியை ஒதுக்கிக் காதைப் பார்த்து, "நல்லா ஆறிட்டுதே" என்று நிஜமாகவே சந்தோஷப்பட்டார். அதே கேள்வியை அவரிடமும் கேட்டேன். "பாப்பாவுக்குக் கோவம் வந்தா மூக்கு சிவக்குது, பாரேன்" என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்துவிட்டு, தூக்குச்சட்டியைக் கழுவி வாங்கிக்கொண்டு, அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டார். அழைத்துப் போகாமல் போனாரே என்பதையே நான் வெற்றி என்று எண்ணிக்கொண்டேன்.

முப்பத்தைந்தாம் நாள் கடந்தது. முப்பத்தாறு. முப்பத்தேழு. அக்கா கண்ணாடி முன் நின்று முடியை அள்ளி முடிந்து, காதை இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மூன்று வருடத்தில் முதல் தடவையாக வலப் பக்கம் ஒருக்களித்துப் படுத்துத் தூங்கினாள். நான் அதை நின்று பார்த்தேன்.

முப்பத்தொன்பதாம் நாள் காலை பத்து மணிக்கு ஒரு பெண் தனியாக வந்தாள். இருபது வயது இருக்கும், கையில் மருதாணி, கைக்குட்டைக்குள் ஒரு சிறு டப்பா. மூன்றாவது வீட்டுப் பெண், பெயர் சுகந்தி. நான் செருகிய சீட்டைப் படித்துத்தான் எங்கள் வீட்டு விலாசத்தைக் கண்டுபிடித்ததாகச் சொன்னாள்.

"நாளை மறுநாள் முகூர்த்தம்க்கா. போட்டுட்டா தாலி பெருக்கற வரைக்கும் கழட்ட முடியாது. தெரிஞ்சுக்கணும்னு வந்தேன். வீட்டுக்குத் தெரியாது."

"இன்னும் மூணு நாள்தான் பாக்கி, சுகந்தி. காதைப் பாத்தியா? விளிம்புக்கு ஒரு நூல்தான் மிச்சம், இப்ப கீறினா ரெண்டாப் போயிடும், டாக்டரே சொல்லியிருக்காங்க. பத்தர்கிட்ட போ."

"பத்தர்கிட்ட போனா சாயங்காலத்துக்குள்ள அவங்க வீட்டுக்குச் சேதி போயிடும்க்கா."

"போகட்டுமே!"

"எங்கப்பா ஊரெல்லாம் பத்திரிகை வெச்சுட்டாரு."

"என்கிட்ட குடு. கையில வெச்சே ஓரளவு சொல்லுவேன்."

அவள் கொடுத்தாள். நான் ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன், எடை பார்த்தேன், தண்டை முகர்ந்து பார்த்தேன், காந்தம் காட்டினேன், அது ஒட்டவில்லை. தங்கமானாலும் ஒட்டாது, செம்பானாலும் ஒட்டாது. கீறிப் பார்க்கலாமா என்றேன், கீறல் தெரிந்தால் கேட்பார்களே என்றாள். எட்டுப் பருவத் தேர்வு எழுதியவளுக்கு அதற்கு மேல் ஒன்றும் சொல்லத் தெரியவில்லை, தோட்டை டப்பாவிலேயே வைத்துக் கொடுத்தேன்.

"சரி, கவரிங்னே வெச்சுக்க. கல்யாணத்தை நிறுத்துவியா?"

அவள் மருதாணிக் கையைப் பார்த்தாள். "மாட்டேன்க்கா."

"அவங்ககிட்ட கேட்டுச் சண்டை போடுவியா?"

"எப்படிக்கா போடறது?"

"அப்ப எதுக்குத் தெரியணும்?"

அவள் அழவில்லை. டப்பாவை மூடவும் இல்லை.

அக்கா உள்ளேயிருந்து வந்து நின்றாள். முடியை அள்ளி உச்சியில் முடிந்திருந்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். என்னிடம் இருந்த எல்லா வாதத்தையும் அந்த இடத்திலேயே அடுக்கினேன். மூணு வருஷம்க்கா, எத்தனை தோடு, எத்தனை ணங், ஒரு கல்யாணமாவது நின்னுச்சா, ஒரு மாமியாராவது தலை குனிஞ்சாளா, உனக்குப் போட்டவங்களே இன்னிக்கு வரைக்கும் வாயைத் திறக்கல, இவளும் போட்டுக்கிட்டுத்தான் மணவறையில உக்காரப் போறா, அவளே சொல்லிட்டா, அப்புறம் எதுக்கு உன் காது கிழியணும், மூணு நாள்க்கா, மூணே நாள், தெரிஞ்சுக்கிட்டு இவ என்னத்தக் கிழிக்கப் போறா, அதை மட்டும் எனக்குச் சொல்லு.

அக்கா என் கையிலிருந்து தன் கையை எடுத்துக்கொண்டாள். டப்பாவிலிருந்த தோட்டை எடுத்து, தண்டைப் புடவைத் தலைப்பில் துடைத்துவிட்டு, சுகந்தியின் பக்கத்தில் உட்கார்ந்து, வலக் காதை அவள் பக்கம் சாய்த்துக் கொடுத்தாள்.

"ஒண்ணும் கிழிக்க மாட்டா" என்றாள். "அரிக்கும்போது தன் உடம்பைத் திட்டிக்க மாட்டா, பாப்பா. அவ்வளவுதான்."